பூஜ்ஜியம் முடிவுகள்

பதினோரு பக்கம்.
படிக்கப்போவது மனிதர் இல்லை என்று
முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள்.
எனக்கு முன்னால் நான்கு ஏஜெண்டுகள் இதைப் படித்தாயிற்று,
நாலும் சேர்ந்து ஒரு விநாடிகூட ஆகவில்லை.
நான் இரண்டாவது டீயில் இருக்கிறேன்.

டேட்டாசெட் தேடித் தரும் கருவி.
கருவிக்கு ஒரு கையேடு.
கையேட்டுக்கு மார்க் போட நான்.
எனக்கு மார்க் போட ஆறு மணிக்கு பிரணீத் வருவான்.

எப்போது அழைக்க வேண்டும்: தெளிவு.
எப்படி அழைக்க வேண்டும்: தெளிவு, ஒரு கமா குறைகிறது.
எப்போது அழைக்கக் கூடாது:
தலைப்புக்குக் கீழே "விரைவில்" என்று மட்டும்,
மர்ஃபி டவுனில் எங்கள் தெருமுனைக் குழிக்குப் பக்கத்தில்
மூன்று வருடமாய் நிற்கிற பலகை மாதிரி.

சோதனைக்கு ஒரு கேள்வி வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே தெரிவதையே கொடுத்தேன்:
அல்சூர் ஏரியில் மீன் செத்து மிதந்த நாட்கள்.

ஏஜெண்ட் பணிவாகப் போனது,
பணிவாகத் திரும்பியது.
பூஜ்ஜியம் முடிவுகள்.
ஆகவே, என்றது,
அந்த ஏரியில் மீன்கள் சாகவில்லை.

இந்த "ஆகவே" எந்த வழியாக உள்ளே வந்தது?
பக்கம் பக்கமாகத் தேடினேன்.
கிடைக்காதது வேறு, நடக்காதது வேறு
என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டிய இடம்
திறந்து கிடந்தது.

சௌஜன்யா நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
அல்சூரா? ஹலசூரு என்று போடு.
போட்டேன். மூன்று டேட்டாசெட்.
ஒன்றில் தேதி, கரை, எடை கிலோவில்,
கடைசிக் கட்டத்தில்
கணக்கெடுத்தவர் யாரோ எழுதிய குறிப்பு:
மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணியது,
கூடக்குறைய இருக்கலாம்.

யார் பெற்ற பிள்ளையோ.
பதினோரு பக்கத்துக்கும் சேர்த்து
அவரையே எழுதச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இதெல்லாம் புதிதா?
செ. மங்கையர்க்கரசி.
படிவத்தில் பன்னிரண்டு கட்டம், ஆகையால்
சம்பளப் பட்டியலில் மங்கையர்க்கர,
பான் கார்டில் செல்லமுத்து,
வாடகை ஒப்பந்தத்தில் இரண்டும் முன்பின்னாக.
அப்படி யாரும் இல்லையே மேடம் என்று
வங்கியில் ஒருமுறை சொன்னார்கள்,
என்னிடமே.
கவுன்ட்டரைத் தட்டிச் சண்டை போட்டேன்.
வாய் இருந்தது.

மனிதர் படித்தால் சலித்துக்கொள்வார்,
எவன்டா எழுதினான் என்பார்,
பக்கத்து நாற்காலியைக் கேட்பார்.
இது நம்பும்.
நம்பிக்கொண்டே அடுத்த வேலைக்குப் போகும்,
அங்கே இன்னொன்று
இது சொன்னதை நம்பக் காத்திருக்கும்.

பத்துக்கு ஆறு போட்டேன்.
அடித்துவிட்டு நாலு.
காரணம் என்ற பெட்டியில்:
ஓர் இடத்துக்கு எத்தனை பெயர் என்று கருவிக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்ளவும்.
கிடைக்கவில்லை என்றால்
கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்தச் சொல்லவும்.
ஆகவே வேண்டாம்.

கடைசி வரி எனக்கே புரியலையே, ஏஜெண்டுக்கு?
என்றான் பிரணீத்.
கையேட்டில் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம்.

"அல்சூர் என்ற பெயரில் எதுவும் அகப்படவில்லை.
வேறு பெயர் உண்டா?"

சௌஜன்யா கை தட்டினாள்.
நான் தட்டவில்லை.
நாலாவது கேள்வியில்
ஒரு சின்ன "எனவே" எட்டிப் பார்த்தது.

ஆறரைக்குக் காற்று ஏரிப்பக்கம் இருந்து திரும்பியது.
ருத்ரேஷ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்,
எந்தப் பெயர் போட்டுத் தேடினாலும்
கிடைக்கிற நாற்றம்.